காலாட்படையில் வந்தவர்: சர் தாமஸ் மன்றோவும் அவர்தம் தோழர்களும்

சென்னையில் தீவுத்திடலை அடுத்து, அண்ணா சாலையில், சேணமும் அங்கவடியும் இன்றிக் குதிரைமீது அமர்ந்த கோலத்தில் விளங்கும் வெண்கலச் சிலையைத் தலைநகர் சென்று மீள்வோர் பலரும் கண்டிருப்பர். ஆங்கிலச் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அச்சிலை 1839ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்றது. சென்னை மாகாணத்தின் ஆளுநராய் விளங்கி மறைந்த சர் தாமஸ் மன்றோவின் உருவமே அது. சிற்பி அங்கவடியை மறந்துவிட்டார் என்றும், அதனால் மனம் உடைந்தார் என்றும் கூறப்படும் கதைகள் பல. அவை நிற்க. குதிரைமீது ஏற்றி வைக்கப்பெற்ற அம்மனிதர் இந்நாட்டிற்கு வந்தது காலாட்படையின் பயிற்சி வீரராக என்பதையே நாம் இங்குக் கருதவேண்டும். இளமையில் அவருக்கு வாய்த்த ஒரே குதிரையும் கிழடு தட்டியது. ஆதலின் படை சென்ற வழியில் பெரும்பகுதியை அவர் கால்நடையாகவே கடந்தார்.

அவருக்கும் நம் சூளகிரிக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் வினவக்கூடும். கிருட்டிணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி ஏறும் பெருவழியில், சூலம் போன்ற முடிகளையுடைய மலையின் அடியில் அமைந்தது நம் ஊர். 1792 முதல் 1799 வரையிலான ஏழு ஆண்டுகள் அஃது ஓர் எல்லைக்கோட்டின் அப்புறத்தே இருந்தது. கீழ்ப்புறத்துப் பாரமகால் கும்பினியார் வசமாயிற்று. மேட்டுப்பகுதியான பாலகாடு, அதாவது ஓசூரும் அதனைச் சூழ்ந்த பாகலூர், பேரிகை, சூளகிரி முதலிய பாளையங்களும், திப்பு சுல்தானின் நாட்டிலேயே நின்றன. அந்த ஏழு ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால், நமக்கு எட்டிய தொலைவில், நான்கு படைத்தலைவர்கள் கூடாரங்களில் தங்கி நிலத்தை அளந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் மன்றோ. அந்நால்வரும் தம்முள் உடன்பட்டும் மாறுபட்டும் வகுத்த முறையே பின்னர் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு உரியதாயிற்று. இன்று நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்திக்கும், உழவர் கையிலுள்ள பட்டாவுக்கும் அங்கே ஒரு வேர் உண்டு.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போர் தொடுத்தபோது அவ்வணிகம் சிதைந்தது, குடும்பம் நொடித்தது. சிறுவர் தாமசுக்குத் தட்டம்மை கண்டு செவிப்புலன் சற்றே குன்றியது. ஆயினும் கல்வியில் பேரார்வம் உடையவர். செர்வாந்திசின் தான் கிகோத்தே என்னும் நெடுங்கதையை மூலத்திலேயே படிக்க விரும்பி, அகராதியின் துணைகொண்டு தாமே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார் என்பர். கடன்பட்ட தந்தையின் மகனுக்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை அன்று ஒரு புகலிடம். 1780ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அவர் சென்னையில் கரையிறங்கினார். வயது பதினெட்டு.

நகரம் அவரை வரவேற்ற வகை நகைப்புக்குரியது. பணியாளாக வந்து சேர்ந்த ஒருவன், இந்நாட்டு வெயிலுக்கு ஏற்ற வெள்ளாடை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கைப்பணத்தையும் பெற்றுக்கொண்டு, இருந்த ஆடைகளையும் எடுத்துக்கொண்டு மறைந்துபோனான். அவ்வாண்டிலேயே ஐதர் அலி பெரும்படையுடன் கணவாய்களின் வழியே கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். மன்றோ சேர்ந்திருந்தது சர் எக்டர் மன்றோவின் படையில். பெயர் ஒன்றாயினும் இருவர்க்கும் உறவில்லை. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் பிரிவு முற்றிலும் அழிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தில் நின்ற பெரும்படை, சில மணி நேர நடையில் எட்டக்கூடிய தொலைவிலிருந்தும், உதவிக்குச் சென்று சேரவில்லை. பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு அது பின்வாங்கியது. படைத்தொழிலின் முதற்பாடம் இளைஞர் மன்றோவுக்கு இவ்வாறு அமைந்தது. அருகில் இருந்தும் தோழரைக் கைவிட்ட அந்நிகழ்ச்சியைப் பற்றித் தந்தைக்கு அவர் விரிவாக எழுதினார். மேலதிகாரிகளின் தயக்கத்தை அவர் மூடி மறைக்கவில்லை.

அதன்பின் சர் அயர் கூட்டின் தலைமையில் போர். பரங்கிப்பேட்டை, மீண்டும் புள்ளலூர், சோளிங்கர் என 1781இல் மட்டும் மூன்று பெரும் போர்கள். வேலூர்க் கோட்டைக்கு அரிசி கொண்டு சேர்க்கும் பொருட்டு மேற்கொண்ட பயணங்கள் வேறு. 1783இல் கடலூரில் பிரெஞ்சுப் படையோடு பொருதபோது பெருஞ்சேதம் நேர்ந்தது. வெற்றி எனப்பட்ட போர்களுக்குப் பின்னரும் சோற்றுக்கு அரிசி இல்லாமல் படை தடுமாறியதையே அவர் கடிதங்கள் மிகுதியாகப் பேசுகின்றன. பஞ்சத்தால் பாழ்பட்ட ஊர்களின் நடுவே அப்படைகள் நடந்தன. பீரங்கியைவிட எருதும் அரிசியும் போரின் முடிவை உறுதி செய்யும் என்பதை அவர் கால்கள் கற்றன. பிற்காலத்தில் மற்றவர்க்கு உணவு திரட்டித் தருவதில் அவர் காட்டிய வல்லமைக்கு இதுவே தொடக்கம் எனத் தோன்றுகிறது.

போர் முடிந்த சில ஆண்டுகளுக்குப் பின், கீழ்நிலை அதிகாரியாகத் தாம் வாழ்ந்த வாழ்க்கையை அவர் தம் சகோதரிக்கு எழுதிய மடல் ஒன்று புகழ் வாய்ந்தது. கீழைநாட்டில் வெள்ளையர் பட்டு மெத்தையில் புரள்வதாகத் தாயகத்தார் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை அவர் நகைச்சுவையோடு கலைத்தார். தலையணையாக அவருக்கு வாய்த்தவை ஒரு நூலோ தோட்டாப் பையோதான். குறுக்கே கட்டிய நான்கு கோல்களின்மேல் விரித்த கித்தான் துணியே கட்டில். ஊரிலிருந்து கொண்டுவந்த பெருஞ்சட்டையே போர்வை. அதனால் காலை மூடினால் கழுத்து வெளியே, கழுத்தை மூடினால் கால் வெளியே. இத்தகைய ஊதியத்திலும் ஒரு பகுதியை மிச்சம்பிடித்து, நொடித்த தந்தைக்கு அனுப்பினார் என்பதை எண்ணும்போது, அந்நகைச்சுவையின் அடியில் உள்ள சுமை புலப்படும்.

இக்காலத்தில் அவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார். இலக்கிய அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி. ஷேக்ஸ்பியரின் வெனிசு நகர வணிகன் நாடகத்தில் ஷைலக் ஒரு பவுண்டு தசை கேட்கும் கதையை ஒத்த கதையொன்று பாரசீகக் கையெழுத்துப் படி ஒன்றில் இருப்பதைக் கண்டு, மன்றோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் மலோனின் குறிப்புகளில் இடம்பெற்றது. பாசறையில் இருந்தவாறே ஒப்பியல் இலக்கியம் செய்தவர் என்று நாம் அவரைச் சற்று உரிமையோடு பாராட்டலாம்.

அம்மொழியறிவே அவரை அலெக்சாண்டர் ரீடிடம் கொண்டு சேர்த்தது. கேப்டன் ரீடு உளவுச் செய்தித் துறையின் பொறுப்பில் இருந்தார். 1788இல் மன்றோ அவருக்கு உதவியாளரானார். குண்டூர்ப் பகுதியில் சிலகாலமும், பின்னர் மைசூர் எல்லையை ஒட்டிய ஆம்பூரிலும் இருவரும் பணியாற்றினர். எல்லைக்கு அப்பால் படை நகர்கிறதா, எந்தக் கணவாயில் காவல் உள்ளது, எந்த ஊரில் தானியம் இருக்கிறது என்பவற்றை அர்க்காராக்களின் வாயிலாகக் கேட்டறிவதே வேலை. அந்த அர்க்காராக்கள் இம்மண்ணின் மக்கள். உயிரைப் பணயம் வைத்து மலையேறி இறங்கியவர்கள். வெள்ளை அதிகாரிகளின் நட்பை நாம் அறிவதற்கு அவர்களின் கடிதங்கள் உள்ளன. அர்க்காராக்களும், காலாட்படையில் நின்ற தமிழ், தெலுங்குச் சிப்பாய்களும் தங்களுள் கொண்டிருந்த தோழமையைச் சொல்ல அத்தகைய கடிதங்கள் இல்லை. இக்குறையை நினைவிற்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. காரன்வாலிஸ் 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். ஆனால் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய பின் உணவும் எருதுகளும் இன்றித் திரும்பநேர்ந்தது. அதன் பிறகே தானியம் வரும் வழிகளைத் திறந்து வைக்க வேண்டும் என்பது படைத்தலைமைக்கு விளங்கியது போலும். அவ்வாண்டு சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் வீழ்ந்தன. நம் மலைகளின் ஊடே எருதுப் பொதிகள் மேலேறின. ரீடும் மன்றோவும் இவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். கிருட்டிணகிரிக் கோட்டை மட்டும் பணியவில்லை. 1791 நவம்பரில் கர்னல் மாக்சுவெல் மேற்கொண்ட இரவுத் தாக்குதலைக் கோட்டைக் காவலர் முறியடித்தனர். போரில் விழாத அக்கோட்டை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஏட்டில் கைமாறியது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார்; அவருடைய மைந்தர் இருவர் பிணையாயினர். பாரமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கும்பினிக்கு வந்தன. பாலகாடு திப்புவிடமே நின்றது.

புதிதாய் வந்த நாட்டை ஆளச் சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளை காரன்வாலிஸ் நம்பவில்லை. அவர்களுக்கு இந்நாட்டு மொழிகள் தெரியாது. தனிப்பட்ட வருவாயிலும் நாட்டம் மிகுதி. ஆகவே ரீடு தலைவராகவும் மன்றோ, கிரகாம், மக்லியாட் ஆகிய மூவர் உதவியாளராகவும் நியமிக்கப்பெற்றனர். நால்வரும் படையினர். ரீடு திருப்பத்தூரில் இருந்தார். பின்னர் அமைந்த பகுப்பின்படி வடபகுதி கிரகாமிடமும், தென்பகுதி மக்லியாடிடமும், தருமபுரியை நடுவாகக் கொண்ட பகுதி மன்றோவிடமும் இருந்தன.

அந்த ஏழு ஆண்டுகளே மன்றோவின் வாழ்வில் இனிமை மிக்க காலம். ஆண்டின் பெரும்பகுதி ஊர் ஊராகச் சென்று, மரத்தடியில் கூடும் உழவர்களிடையே அமர்ந்து கணக்குக் கேட்பார். ஏரி உடைந்தது, எருது இறந்தது, அண்டை நிலத்தான் வரப்பைத் தள்ளினான் என எல்லாம் அவர் செவிக்கு வரும். செவி சற்று மந்தமானவர் என்பதை நினைத்தால், அப்பொறுமை வியப்பளிக்கிறது. தருமபுரியில் தம் கையால் ஒரு தோட்டம் வைத்தார். அத்தோட்டத்தின்மீதும் அம்மரங்களின்மீதும் கொண்ட பற்றை அவர் ஊருக்கு எழுதும் மடல்களில் மறைத்ததில்லை. பின்னாளில் கன்னட நாட்டுக் கடற்கரையின் ஓயாத மழையில் இருந்துகொண்டு, பாரமகாலின் தெளிந்த வானத்துக்கு ஏங்கினார்.

நால்வரின் நட்பு இனிய உரையாடலில் மட்டும் வளர்ந்ததன்று. ரீடு கடும் உழைப்பாளி, கைசுத்தம் உடையவர், தமக்கு ஒரு பணமும் எடுத்துக்கொள்ளாதவர் ஆகலின் பிறர் எடுக்கவும் விடாதவர். ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வை விதித்து, இடைத்தரகர் இன்றி உழவரிடமே வரி பெறும் முறையை அவர்கள் ஆய்ந்தனர். அது மிகப் பெரிய வேலை. குத்தகை நெடுங்காலத்துக்கா, ஆண்டுக்கு ஆண்டா என்பதில் அவர்கள் கருத்து ஒன்றாக இருக்கவில்லை. எழுதி எழுதி வாதிட்டனர். தம் தலைவர் வகுத்த தீர்வை உழவரால் தாங்கத் தக்கதன்று, குறைக்க வேண்டும் என்று மன்றோ எடுத்துரைத்தார். 1796ஆம் ஆண்டின் இறுதியில் ரீடு வெளியிட்ட அறிவிப்பு, உழவர் தம் நிலத்தை எந்நிபந்தனையில் வைத்துக்கொள்ளலாம், எப்போது விட்டு விலகலாம் என்பதைத் தெளிவாக்கியது. இரயத்துவாரி முறை என்று பின்னர் பெயர் பெற்றதற்கு இதுவே அடித்தளம். தலைவரிடம் மாற்றுக்கருத்தை அச்சமின்றி எழுதும் உதவியாளரும், அதனைப் பொறுத்துக்கொண்டு மறுமொழி எழுதும் தலைவரும் அமைந்தது அரிது. ஆம்பூரில் ஒரே கூடாரத்துச் செய்திகளைப் பங்கிட்டுக்கொண்ட பழக்கம் இதற்கு உதவியது என்று கருத இடமுண்டு.

இங்கே ஒன்று கூறாமல் விடலாகாது. வரியைக் குறைக்க வேண்டும் என்றவர்தாம் அவ்வரியைத் தவறாமல் தண்டியவரும். நிலத்தை அளந்தது உழவர் நலம் கருதி மட்டுமன்று. அடுத்த போருக்குப் பணமும் தானியமும் வேண்டியிருந்தன. திப்புவின் வலிமையை முற்றிலும் ஒழிக்காமல் 1792இல் உடன்படிக்கை செய்தது பிழை என்று மன்றோ உறுதியாக நம்பினார். எல்லைக்கு அப்பால் இருந்த நம் முன்னோர், அவர் கண்ணில், அடுத்து அளக்கப்பட வேண்டிய நிலத்தின் குடிகள்.

அந்த நாளும் வந்தது. 1799 மார்ச்சுத் தொடக்கத்தில் செனரல் ஆரிசின் பெரும்படை இராயக்கோட்டையைக் கடந்து, அஞ்செட்டிதுர்க்கம் முதலிய மலைக்கோட்டைகளைக் கைக்கொண்டு, கெலமங்கலம் வழியாக மேற்கே சென்றது. ரீடு பாரமகாலில் திரட்டிய தனிப்படையில் மன்றோ அவருக்குச் செயலாளராக உடன் நின்றார். மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு களத்தில் மாண்டார். ஓசூரும் சூளகிரியும் உள்ளிட்ட பாலகாடு கும்பினியின் வசமாயிற்று. எல்லைக்கோடு அழிந்தது; அதனோடு அந்நால்வரின் கூட்டும் கலைந்தது. ரீடு பதவியிலிருந்து நீங்கினார். பாரமகாலிலேயே இருக்க விரும்பிய மன்றோவைக் கன்னடக் கடற்கரைக்கு அனுப்பினர்.

அதற்குமுன், மைசூர் நாட்டைப் பங்கிட அமைத்த குழுவில் அவரும் ஜான் மால்கமும் செயலாளராக இருந்தனர். அங்கேதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப்பட்ட ஆர்தர் வெல்லெஸ்லியுடன் நட்பு அமைந்தது. 1800இல் தூந்தியா வாக்கைத் துரத்திச் சென்ற வெல்லெஸ்லியின் படைக்கு மன்றோ கன்னடத்திலிருந்து அரிசி அனுப்பினார். 1803இல் அசாயே போரில் வெல்லெஸ்லி பெருவெற்றி பெற்றபோது உலகம் புகழ்ந்தது. மன்றோ மட்டும், படையை இரண்டாகப் பிரித்தது சரியா என்று கேட்டு எழுதினார். வென்ற தளபதி சினவாமல், தாம் செய்ததற்குக் காரணங்காட்டி நீண்ட மடல் வரைந்தார். பழைய காலாட்படைக்காரரின் கண்ணுக்கு அவர் அத்துணை மதிப்பளித்தார்.

1800 முதல் 1807 வரை பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை, கர்நூல் என இன்று வழங்கும் பகுதிகளை மன்றோ ஆண்டார். முதல் நான்கு ஆண்டுகள் கூடாரத்தில்தான் வாசம். பணி முடிவில், நிலத்தீர்வையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைக்குமாறு பரிந்துரைத்தார். மேலிடம் அப்போது செவிசாய்க்கவில்லை. இதற்கிடையில் பாரமகாலிலும் சேலத்திலும் ரீடின் முறையைக் கைவிட்டு, நிலத்தை மிட்டாக்களாகக் கூறிட்டு ஏலமிட்டனர். மிட்டாதார்கள் பலர் விரைவிலேயே நொடித்துப்போயினர்; உழவர்பட்ட துயர் தனி. நம் வட்டாரத்து முதியோர் பேச்சில் மிட்டா என்னும் சொல் நெடுங்காலம் வழங்கியது. தோழர்கள் ஏழு ஆண்டுகளில் கட்டியது சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டதை மன்றோ தொலைவிலிருந்து காண நேர்ந்தது. அதனை மீட்பதற்கே அவர் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார் என்பது மிகையாகாது. தாயகம் சென்று நாடாளுமன்றக் குழுவின்முன் சான்று கூறினார். 1814இல் சேன் கேம்பெல் அம்மையாரை மணந்து திரும்பினார். 1818இல் சிறு படையுடன் சோலாப்பூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். 1820இல் சென்னையின் ஆளுநரானார். அப்போதுதான் இரயத்துவாரி முறை மாகாணத்தில் நிலைபெற்றது. தாம் முன்பு கேட்ட தீர்வைக் குறைப்பையும் தம் கையாலேயே நடைமுறைப்படுத்தினார்.

ஆளுநர் மன்றோவின் செயல்களை விரிப்பின் பெருகும். கல்வியில் நாட்டமுடைய நமக்கு ஒன்று போதும். 1822இல் மாகாணமெங்கும் உள்ள திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் தொகுத்தபோது, ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. உயர்பதவிகளை இந்நாட்டார்க்கு மூடிவைப்பது அவர்தம் பண்பையே தாழ்த்திவிடும் என்று 1824இல் எழுதிய குறிப்பும் அவருடையதே. ஆனால் அச்சு இதழ்களுக்கு உரிமை அளிப்பதை 1822இல் எதிர்த்தவரும் அவரே. விடுதலை பெற்ற அச்சும் அந்நியர் ஆட்சியும் நெடுநாள் ஒருங்கே நிற்கா என்று கணித்தார். கணிப்பு சரியே, அவர் நின்ற பக்கம் நமக்கு உவப்பன்று.

1826இல் நோயுற்ற இளைய மகனுடன் மனைவியார் தாயகம் சென்றார். கிண்டி மாளிகையின் வெறுமையான அறைகளையும் தோட்டத்தையும் பற்றி அவர் எழுதியவை துயர் மிக்கவை. பதவியைவிட்டு நீங்க அனுமதி கேட்டிருந்தும் அடுத்தவர் வந்து சேரவில்லை. 1827 மே இறுதியில், பழைய குடிகளை ஒருமுறை பார்த்து விடைபெற வேண்டி வடக்கே புறப்பட்டார். கூத்தியை அடைந்தபோது உடன் வந்த காவற்படையில் வாந்திபேதி பரவியிருந்தது. சிப்பாய்கள் சிலர் இறந்தனர். அவர்களோடு தொடர்ந்து சென்ற மன்றோவுக்குச் சூலை 6ஆம் நாள் காலை பத்திகொண்டாவில் அந்நோய் கண்டது. தொற்றும் என்று அஞ்சி, அருகிலிருந்தோரை விலகிச் செல்லுமாறு பலமுறை வேண்டினார். அவர்கள் விலகவில்லை. அன்றிரவு அவர் உயிர் பிரிந்தது. கூத்தியில் அடக்கம் செய்த உடலை 1831இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்குக் கொணர்ந்தனர். ஆந்திரப் பகுதியின் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா எனப் பெயரிட்டனர் என்பர்.

ரீடுக்குச் சென்னைச் சாலையில் சிலை எடுத்தாரில்லை. கிரகாமையும் மக்லியாடையும் பெயர் சொல்வார் அரியர். ஆயினும் 1907 முதல் சென்னை அரசு பாரமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் வரிசையாக அச்சிட்ட தொகுதிகளில் நால்வரும் உள்ளனர். ரீடின் சுற்றறிக்கையும், அதற்கு மன்றோ தருமபுரியிலிருந்து எழுதிய மறுப்பும், மற்ற இருவரின் விளக்கமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நடுநடுவே ஏரி, கிணறு, கேழ்வரகு, வெற்றிலைக் கொடிக்கால், நெசவாளர் தறிவரி எனப் பாரமகால் ஊர்களின் அன்றைய கணக்குகளும் வருகின்றன. நம் ஊரின் கணக்கு அவற்றுள் தொடங்குவது 1799க்குப் பின்னரே.